எழும்ப மறுக்கும் யந்திரம்

வன்னிப் பெருநிலத்தின் சரித்திரத்தை ஆராயப் புகும் ஒருவர், 1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய சிவில் உத்தியோகத்தர் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைக் குறித்து எழுதி வெளியிட்ட பெருநூலில் தொடங்கி, கச்சேரிப் பதிவேடுகளையும் காணி உறுதிகளையும் கோயிற் கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டு வந்து, ஈற்றில், அந்தியேட்டிக் கிரியையின்போது உற்றாருக்கு வழங்கப்படும் ‘கல்வெட்டு’ என்னும் சிறு பிரசுரத்தைத் தேடியே ஆகவேண்டும். அரசாங்க ஏடுகள் குளத்தையும் வயலையும் வரியையும் எண்ணின. ஆயின், எந்தத் தலைமுறையில் எந்த ஊரிலிருந்து வந்து எந்தக் குளத்தின் கீழ்க் காடு வெட்டிக் குடியேறினர், யார் யாருக்கு உறவு, யாருடைய பெயர் பேரப்பிள்ளைக்கு வைக்கப்பட்டது என்பனவற்றை அந்தச் சிறு பிரசுரமே சொல்லும். அத்தகைய பிரசுரங்கள் ஈய எழுத்தால் கோக்கப்பட்ட காலம் போய், கணினியில் கோக்கப்பட்ட ஒரு குறுகிய காலம் வன்னிக்கு வாய்த்தது. அக்காலத்தின் எச்சங்கள் இன்று காகிதத்தில் அன்றி, எழும்ப மறுக்கும் பழைய வன்தட்டுகளில் கிடக்கின்றன. அவற்றை எழுப்பும் தொழிலின் சரித்திரமே இக்கட்டுரையின் விஷயம்.

1990க்குப் பின் வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்சாரம் எட்டவில்லை. பொருளாதாரத் தடையின் கீழ் மண்ணெண்ணெயும் டோர்ச் பற்றரியுங்கூட அருமைப் பண்டங்களாக இருந்தன. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டதும், லொறிகளில் சீமெந்தும் கூரைத் தகடும் வந்ததுபோலவே கணினிகளும் வந்தன. ஜெனரேற்றரின் இரைச்சலுக்கிடையே கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் தட்டச்சு நிலையங்கள் இயங்கின. விண்டோஸ் 98, சிறிது வசதியுள்ள இடத்தில் விண்டோஸ் எக்ஸ்பி, அதன்மேல் பக்கங்களை அமைக்கப் பேஜ்மேக்கர், எழுத்துக்குப் பாமினி: இந்த மூன்றுமே அன்றைய அச்சுத் தொழிலின் மூலதனம். பாமினி யுனிகோட் முறைக்குப் புறம்பான எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு முழு வம்சாவளியும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். 2006 ஆகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. 2009 ஜனவரியில் கிளிநொச்சியும், மே மாதத்தோடு எல்லாமும் முடிந்தன. ஒரு கணினியை முழுதாகச் சுமந்துகொண்டு ஊர் ஊராக இடம்பெயர இயலாது. அதன் வன்தட்டோ அரைக் கிலோ அளவே பாரமுடையது, கைப்பையில் அடங்குவது. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அப்படிப்பட்ட தட்டுகள்தாம்.

தட்டு கிடைத்தால் மட்டும் போதாது. அது பிறந்த யந்திரம் இல்லை. அந்த யந்திரத்தில் இருந்த தாய்ப்பலகையும் சிப்பும் இன்று கடைகளில் இல்லை. ஆகவே, இக்காலத்துக் கணினியொன்றினுள், மென்பொருளாலேயே ஒரு பழைய கணினியைச் சிருஷ்டித்து, அதனுள் அந்தத் தட்டின் பிரதியை வைத்து எழுப்ப வேண்டியிருக்கிறது. மெய்நிகர் யந்திரம் என்பது இதுதான். மாணவர் இதனை ‘வீ.எம்.’ என்பர். எழுப்பும்போது அநேகமாக முதல் தடவையில் அது எழும்புவதில்லை. நீலத்திரை வரும், அல்லது கரிய திரையில் வெள்ளைக் கோடு ஒன்று இமைத்துக்கொண்டே நிற்கும், அல்லது எழும்புவதும் விழுவதுமாக அதே தொடக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும்.

இந்தக் கட்டத்தில் திருத்தகங்களில் நெடுங்காலமாக வேரூன்றிய ஒரு வழக்கம் குறுக்கிடுகிறது. எழும்பாத கணினியை ‘ஃபோர்மட் அடித்து’ப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுப்பதே அது. வாடிக்கையாளருக்கு மறுநாள் கணினி வேண்டும். திருத்துபவருக்குக் காரணம் தேட அவகாசமில்லை. ஆதலால் அவ்வழக்கம் உருவான நியாயம் விளங்கத்தக்கதே. எனினும், அழிக்கப்பட்டவற்றின் ஜாபிதா இவ்வளவு நீண்டதாக இருக்கும் ஒரு நிலத்தில், எஞ்சிய தட்டொன்றைக் காரணம் அறியாமலே அழிப்பதற்கு நான் எக்காலத்திலும் உடன்படேன். நல்ல கைகளும் இருக்கின்றன. கிளிநொச்சியில் ஒரு சிறு திருத்தகத்தில், முதியவர் ஒருவர் பொலித்தீனில் சுற்றிய தட்டொன்றை மேசைமேல் வைத்து, “தம்பி, உது எழும்புமே?” என்று கேட்க, அங்கிருந்த இளைஞர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் ஊசிகளில் படிந்திருந்த பச்சைக் களிம்பைத் தூரிகையால் மெல்லத் துடைத்தபடி, “எழும்பும் ஐயா, ஆனா இதை எழுப்ப மாட்டம். முதல்ல முழுசா ஒரு கொப்பி எடுப்பம், பிறகு அந்தக் கொப்பிய எழுப்பிப் பாப்பம்” என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இத்தொழிலின் முதல் விதி முழுவதும் அந்த மறுமொழியில் அடங்கியிருந்தது.

மெய்நிகர் யந்திரம் என்ற எண்ணம் வன்னியின் தேவைக்காகப் பிறந்ததன்று. அது அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில், 1960களின் நடுப்பகுதியில் பிறந்தது. ஒரே பெருங்கணினியைப் பலர் ஏககாலத்தில், ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் கணினி உள்ளதாகவே கருதி உபயோகிக்கும்படி செய்த சி.பி.-40, அதன் வழித்தோன்றலான சி.பி.-67 ஆகியவற்றின் அனுபவத்தின்மேல், 1972 ஆகஸ்டில் வீ.எம்./370 வெளியாயிற்று. அன்றைய பொறியியலாளர் இதனை விரும்பியதற்குரிய காரணங்களுள் ஒன்று நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது: புதிதாக எழுதப்பட்ட பணிசெயல் முறைமை ஒன்றை மெய்நிகர் யந்திரத்தில் எழுப்பிப் பார்க்கையில் அது விழுந்தால், அது மட்டுமே விழும், பக்கத்தில் வேலை செய்வோர் அறியவும் மாட்டார்கள். எழும்பும்போது விழுவதைப் பயமின்றி ஆராய்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது, இவ்வாறு, இந்த யந்திரத்தின் பிறப்பிலேயே அமைந்த நோக்கமாகும்.

1974இல் ஜெரல்ட் போப்பெக், ரொபர்ட் கோல்ட்பேர்க் என்ற இரு அறிஞர், எத்தகைய சிப்பின்மேல் மெய்நிகர் யந்திரத்தை ஒழுங்காக அமைக்கலாம் என்பதற்கு இலக்கணம் வகுத்தனர். யந்திரத்தின் நிலையைத் தொடும் கட்டளை எதுவாயினும், அதனைச் சாதாரண நிரலொன்று பிரயோகித்தால், சிப் அதை நிறுத்தி மேற்பார்வை மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவ்விலக்கணத்தின் சாரம். ஆனால் நம் மேசைக் கணினிகளுக்குத் தாயான இன்டெல் சிப்புகள் இந்த இலக்கணத்துக்கு அமையவில்லை. 1985இல் வந்த 80386 முதற்கொண்டு, பெரும்பாலான கட்டளைகள் இலக்கணப்படி நடந்தாலும், சில கட்டளைகள் நிறுத்தப்படாமலே பிழையான விடையோடு கடந்து சென்றன. பென்டியத்தை ஆராய்ந்தவர்கள் 2000ஆம் ஆண்டில் அத்தகைய கட்டளைகள் 17 என்று எண்ணிக் காட்டினர். ஆகவே, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகச் சூழலில் முளைத்து 1998இல் ஆரம்பமான வீஎம்வெயார் நிறுவனத்தார், உள்ளே ஓடும் முறைமையின் கட்டளைகளை ஓடும்போதே வாசித்து, அபாயமானவற்றை மாற்றி எழுதும் அரிய உபாயத்தைக் கையாண்டு, 1999இல் தம் மென்பொருளை வெளியிட்டனர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் இன்டெலும், மறு ஆண்டில் ஏஎம்டியும், சிப்பிலேயே இதற்கான வசதியை வைத்தன. 2007இல் லினக்ஸின் கருவினுள் கே.வீ.எம். என்ற மெய்நிகர் யந்திரப் பகுதி சேர்ந்தது, அதே ஆண்டின் ஜனவரியில், இன்னொடெக் என்ற ஜெர்மானியச் சிறு நிறுவனம் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மெய்நிகர் யந்திர மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறும்படி வெளியிட்டது. ஏ9 மூடப்பட்டிருந்த அந்த நாட்களில் வன்னிக்கு இச்செய்தி வந்து சேர்ந்ததில் பயனேதும் இருந்திருக்காது. யுத்தம் முடிந்து, வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை 132 கிலோவோல்ற் கம்பிகள் மீள இழுக்கப்பட்ட பின்பே, அந்த மென்பொருள் இங்கே மேசைகளில் குடியேறிற்று.

இனி, விழுதலின் காரணங்களுக்கு வருவோம். ஒரு பணிசெயல் முறைமை, தான் நிறுவப்பட்ட யந்திரத்தைப் பற்றிய நம்பிக்கைகளைத் தன்னுள் பதித்துக்கொண்டே வளர்கிறது. இருட்டில் தன் வீட்டுப் படிகளை எண்ணி இறங்கிப் பழகியவர், ஒரு படி குறைந்த வேறொரு வீட்டில் கால் தவறுவதுபோல, அந்த நம்பிக்கை பொய்க்கும் இடத்தில் அது விழுகிறது. ஆகவே, விழுந்த இடத்தைப் பார்த்து, அது எதை நம்பியிருந்தது என்று ஊகிக்கலாம். அந்த ஊகத்திலிருந்து அது பிறந்த யந்திரத்தின் ஆண்டையும் வகையையும்கூடச் சொல்லிவிடலாம். ஒரு சாசனத்தின் எழுத்தமைதியைக் கண்டு அதன் காலத்தை நிர்ணயிக்கும் ஆராய்ச்சிக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பதே என் அபிப்பிராயம்.

வன்னித் தட்டுகளில் அடிக்கடி எதிர்ப்படுவது எக்ஸ்பியின் நீலத்திரையும், அதன் அடியில் 7பி என முடியும் இலக்கமுமாகும். இதன் காரணத்தைச் சற்று நிதானமாக விளங்கிக்கொள்வது நன்று. கணினி உயிர்க்கும் முதல் கணங்களில், தட்டிலிருந்து எதையும் வாசிப்பதற்குத் தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் என்னும் நிரல் கைகொடுக்கிறது. அதன் துணையோடுதான் எக்ஸ்பியின் கரு நினைவகத்துக்கு வந்து சேர்கிறது. வந்து சேர்ந்த கணமே அது பயோஸின் கையை உதறிவிட்டு, தன் சொந்தச் சாதனச் செலுத்தியைக் கொண்டு தட்டை அணுக முற்படுகிறது. அந்தச் செலுத்தி பழைய தாய்ப்பலகையின் தட்டுக் கட்டுப்படுத்திக்கு உரியது. மெய்நிகர் யந்திரமோ வேறொரு கட்டுப்படுத்தியைக் காட்டுகிறது. ஆகவே எக்ஸ்பி, சற்று முன்னர் தான் இறங்கி வந்த அதே தட்டைத் தானே காணமாட்டாமல் நின்றுவிடுகிறது. தட்டு பழுதுபட்டதென்று இதனைக் கண்டு முடிவுசெய்து குப்பையில் எறிந்தவர்கள் உண்டு. தட்டுக்கு யாதொரு குறையுமில்லை. மெய்நிகர் யந்திரத்தின் அமைப்பில் தட்டுக் கட்டுப்படுத்தியைச் சாட்டா வகையிலிருந்து ஐ.டி.ஈ. வகைக்கு மாற்றினாற் சிலவேளை போதும். போதாவிடின், மேர்ஜ்ஐடிஈ என்ற சிறு பதிவுக் கோப்பைக்கொண்டு, பொதுவான ஐ.டி.ஈ. செலுத்திகளை முன்கூட்டியே விழித்திருக்கச் செய்யலாம். ஐ/ஓ ஏபிக் என்னும் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியை நம்பி நிறுவப்பட்ட விண்டோஸுக்கு, மெய்நிகர் யந்திரத்தில் அதனை அணைத்து வைத்திருந்தாலும் இதேபோன்ற கதிதான்.

இங்கே ஓர் ஆச்சரியமான உண்மையைக் குறிப்பிடாமற் செல்ல மனமில்லை. இன்று மிகப் புதிய சிப்பின்மேல் ஓடும் கியூஎமு என்னும் மென்பொருள், வேறுவிதமாகச் சொல்லாதவிடத்து, உள்ளே இருக்கும் முறைமைக்குக் காட்டும் தாய்ப்பலகை, இன்டெல் 1996இல் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் என்பதன் சாயல். வீஎம்வெயார் காட்டுவது 1998இன் 440பிஎக்ஸ். உலகெங்கும் உடைத்துப் போடப்பட்ட அந்தத் தாய்ப்பலகைகள், மென்பொருளின் உருவில் இன்னும் நித்தியமாக வேலைசெய்கின்றன. பழைய முறைமைகள் அவற்றை அறிந்திருப்பதே இதற்குக் காரணம்.

விண்டோஸ் 98 விழும் விதம் வேறு. அதற்கு உதவிசெய்ய விரும்புபவர், தாராள மனத்தோடு 2 கிகாபைட் நினைவகத்தை ஒதுக்கிக் கொடுப்பார். அந்தத் தாராளமே அதனை வீழ்த்தும். தட்டிலிருந்து வாசித்ததைச் சேமித்து வைக்கும் வீகேஷ் என்ற பகுதி, நினைவகம் பெரிதாகப் பெரிதாகத் தன் பங்கையும் பெருக்கிக்கொண்டு, முறைமைக்கென வரையறுத்த முகவரி வெளியை நிரப்பிவிடுவதால், 512 மெகாபைட்டுக்கு மேற்பட்டவிடத்து, போதிய நினைவகம் இல்லை என்று முறையிட்டு நின்றுவிடும். 256 மெகாபைட் கொடுத்தால் அமைதியாக எழும்பும். வேகமும் இவ்வாறே. விண்டோஸ் 95, காலத்தை அளப்பதற்கு ஒரு வெற்றுச் சுழற்சியை ஓட்டி, எடுத்த நேரத்தால் வகுத்துப் பார்க்கும். 350 மெகாஹேர்ட்ஸும் அதற்கு மேலும் வேகமுள்ள ஏஎம்டி கே6-2 சிப்புகளில் எடுத்த நேரம் பூச்சியமாகி, பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து விழுந்தது. 1990களின் இறுதியில் எழுந்த அந்தக் குறையை இன்றைய சிப்புகளின்மேல் ஓடும் மெய்நிகர் யந்திரத்திலும் காணலாம்.

இவை யாவற்றிலும் நுட்பமானது அண்மையில் வெளிப்பட்டது. நினைவக முகவரிகளின் மொழிபெயர்ப்பை ஒவ்வொரு தடவையும் தேடாதிருக்க, சிப்பினுள் ரி.எல்.பி. என்ற சிறு குறிப்பேடு இருக்கிறது. மொழிபெயர்ப்பு மாறியதும் பழைய குறிப்பை அழிக்கும் கடமை பணிசெயல் முறைமையினுடையது. விண்டோஸ் 98 முதலியவை ஒரு சந்தர்ப்பத்தில் அக்கடமையைத் தவறவிட்டன. பழைய சிப்புகளில் அத்தவறு பெரும்பாலும் பலிக்கவில்லை. அநேக ஆண்டுகள் கழித்து, ஏஎம்டியின் புதிய ரைசன் முதலிய சிப்புகளின்மேல் மெய்நிகர் யந்திரமாக ஓடும்போது அது பலித்து, எழும்பும் வேளையிலேயே முறைமையை விழுத்திற்று. வேர்ச்சுவல்பொக்ஸை மாற்றிப் பார்த்தும், நினைவகத்தைக் குறைத்துப் பார்த்தும், பலர் சலித்த பிறகு, 2022இல் ஜரோஸ்லாவ் ஹென்ஸ்ல் வெளியிட்ட பாச்சர்9எக்ஸ் என்ற திருத்தி அதனை நிவர்த்தி செய்தது. எழுதியவர்களே கைவிட்ட ஒரு முறைமைக்காக, எவரோ ஒருவர் அத்தனை பிரயத்தனம் எடுத்தார் என்பதை நினைக்கையில் நன்றியுணர்ச்சியே மேலிடுகிறது.

மெய்நிகர் யந்திரம் செய்யும் பேருபகாரம் ஒன்றுண்டு. உண்மையான கணினியில், ஒரு பிழையைக் கையாளும்போது இன்னொரு பிழையும், அதனைக் கையாளும்போது மூன்றாவது பிழையும் எழுமானால், சிப் தன் முயற்சியைக் கைவிட, கணினி திடீரென மறுபடி தொடக்கத்துக்குச் சென்றுவிடும். சாட்சியம் யாவும் அக்கணமே அழிந்துபோகும். மெய்நிகர் யந்திரத்திலோ, வெளியே இருக்கும் மேற்பார்வை மென்பொருள் அந்த மூன்றாம் பிழையின் கணத்திலேயே யந்திரத்தை உறையவைத்து, சிப்பின் பதிவகங்களில் என்னென்ன இருந்தன என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைக்கிறது. வேர்ச்சுவல்பொக்ஸ் அதனை ‘குரு மெடிற்றேஷன்’ என்று திரையில் அறிவிக்கும். அமீகா கணினிகள் 1985இல் விழுந்தபோது காட்டிய அறிவிப்பின் பெயர் அது. லினக்ஸ் எழும்பாவிட்டால், தொடக்கக் கட்டளையிலிருந்து ‘குவயற்’, ‘ஸ்பிளாஷ்’ என்ற இரு சொற்களை நீக்கிவிட்டால், அது மௌனமாக மறைத்தவற்றை வரிவரியாகச் சொல்லும். மெய்நிகர் சீரியல் துறையை ஒரு எழுத்துக் கோப்போடு இணைத்துவிட்டால், அந்த வரிகள் ஓடி மறையாமல் கோப்பில் தங்கும். எக்ஸ்பிக்குத் தொடக்கக் கோப்பில் ‘எஸ்ஓஎஸ்’ என்ற குறியும், 98க்கு ‘பூட்லொக்’ என்ற ஏடும் அதே பணியைச் செய்கின்றன. எந்த வரியோடு நின்றது என்பதைக் கண்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய தட்டுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும், இன்றைய மாணவர் படும் பாட்டையும் சொல்லவேண்டும். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும், கிளிநொச்சி அறிவியல் நகரின் பொறியியல் பீடத்திலும் கணினி பயில்வோர், இரண்டாந்தரமாக வாங்கிய மடிக்கணினியிலேயே லினக்ஸை மெய்நிகர் யந்திரமாக எழுப்பிப் படிக்கின்றனர். 64 பிட் முறைமை எழும்பவில்லை என்று அவர்கள் கலங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், மெய்நிகர் யந்திரத்துக்கென இன்டெல் சிப்பில் வைத்த வீ.டி.எக்ஸ். வசதி பயோஸில் அணைக்கப்பட்டிருப்பதே. தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்த கணினிகள் ஏராளம். அடுத்த காரணம் விண்டோஸின் சொந்த மெய்நிகர் யந்திர மென்பொருளான ஹைப்பர்-வீ அந்த வசதியை முன்னதாகவே கைப்பற்றியிருப்பது. மூன்றாவது காரணம் நம் நாட்டுக்கே உரியது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நெருக்கடியில், பற்றரி செத்த மடிக்கணினிகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தன. மெய்நிகர் தட்டு ஒரு கோப்பே ஆதலால், உள்ளிருக்கும் முறைமை எழுதி முடித்ததாக நம்பியவை வெளியே எழுதப்படாமலே போயின. மறுபடி எழுப்பும்போது ‘இனிற்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லோடு கருந்திரை நிற்கும். எஃப்எஸ்சிகே என்ற கட்டளையால் கோப்பு முறைமையைச் சீர்செய்தால் அநேகமாக மீளும்.

பழைய தட்டுக்குத் திரும்புவோம். முறைமை எழும்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. பேஜ்மேக்கரில் திறந்து, பிடிஎஃப் ஆக ஒரு பிரதி எடுத்து, பாமினியில் உள்ளதை யுனிகோடுக்கு மாற்றி, எழுத்துப் பிழை பார்த்து, குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, 2005 முதல் ஈழத்து நூல்களையும் பிரசுரங்களையும் மின்வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடத்தில் சேர்க்கும்போதுதான் அந்தக் கல்வெட்டு பிறர் வாசிக்கத்தக்க நிலையை அடைகிறது.

அதனோடு, எழுப்பிய மெய்நிகர் யந்திரத்தையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வைக்கும்போது, கூடவே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைப்பது அவசியம். மெய்நிகர் யந்திரமும் மூப்படைகிறது. 2019இன் இறுதியில் வந்த வேர்ச்சுவல்பொக்ஸ் 6.1, வீ.டி.எக்ஸ். இல்லாத சிப்புகளில் மெய்நிகர் யந்திரத்தை ஓட்டும் பழைய வழியை முற்றாகக் கைவிட்டது. அதற்கு முந்திய 6.0ஓடு 32 பிட் கணினிகள் விலக்கப்பட்டன. ஆகையால் அந்தக் குறிப்பில், தட்டுக் கட்டுப்படுத்தி ஐ.டி.ஈ.யா சாட்டாவா, ஐ/ஓ ஏபிக் இயங்குகிறதா அணைந்துள்ளதா, நினைவகம் எத்தனை மெகாபைட், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் எந்தச் சிப்பின்மேல் எழும்பிற்று, அதற்கு முன் எந்த வரியில் விழுந்தது, எதை மாற்றியதும் எழுந்தது என்பனவற்றைத் திகதியோடு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி, தட்டின் பிரதி இருக்கும் அதே கோப்புறையில் வைக்கவேண்டும். அதன் அச்சுப் பிரதி ஒன்றை மூலத் தட்டைச் சுற்றிய பொலித்தீனுக்குள்ளும் மடித்து வைக்கலாம்.